என் செருப்புக்குப் போட்ட ஊசி

செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு என் இடது செருப்புக்கு டைபாய்டு தடுப்பூசி போட்டார்கள். எனக்குப் போடவில்லை. செருப்பு நன்றாக இருக்கிறது. அதன் மேல் எனக்குப் புகார் இல்லை. மற்ற எல்லோர் மேலும் இருக்கிறது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் தெய்வசிகாமணி. வயது நாற்பத்தொன்பது. எடையளவுத் துறையில் உதவியாளர். கடைகளில் உள்ள தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது என் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கோணல் தராசைக்கூட நான் விட்டதில்லை. ஊரில் என்னை முன்கோபி என்பார்கள். நியாயம் கேட்கிறவனுக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் அது.

என் தங்கை மங்கையர்க்கரசி, வீட்டில் அரசி, தான்சானியாவில் இருக்கிறாள். அவள் கணவர் அங்கே ஒரு முந்திரி ஆலையில் மேலாளர். அவள் கல்யாணத்தோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. எட்டு வருடம் ஆகிறது. போன மாதம் அவளே போன் செய்தாள். மகள் ஆதிரைக்கு நாலு வயது, காது குத்த வேண்டும் என்றாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. அந்தக் குழந்தைக்குத் தாய்மாமன் என்று உலகத்தில் நான் ஒருவன்தான்.

"வந்துருண்ணே" என்றாள். "இதுக்கும் வரலைன்னா இனிமே நான் கூப்பிட மாட்டேன்."

"வர்றேன்" என்றேன். போனை வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டேன். அழவில்லை. வியர்த்திருந்தது.

அவர்கள் குடியிருப்பில் போன மழைக்காலத்தில் டைபாய்டு வந்து ஏழெட்டுப் பேர் படுத்துவிட்டார்கள். அதிலிருந்து ஊசிச் சான்றிதழ் இல்லாத விருந்தாளியைக் கேட்டுக்குள் விடுவதில்லை. ஊசி உடம்பில் வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். எங்கள் ஊரில் வெளிநாடு போகிறவர்களுக்கு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமைதான் ஊசி போடுவார்கள். விமானம் அதிலிருந்து பதினைந்தாவது நாள். அந்தச் செவ்வாயை விட்டால் எனக்கு வேறு செவ்வாய் கிடையாது.

காலை ஆறரை மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். நடைவழியில் சுவரோரமாக வரிசை நின்றிருந்தது. முதலில் ஒரு செங்கல். அதன் பின்னால் மஞ்சள் பை, ஹெல்மெட், மூடி இல்லாத தண்ணீர் பாட்டில், ஒரு குடை. ஆட்கள் யாரும் இல்லை. இதில் விசேஷம் ஒன்றும் இல்லை. ரேஷன் கடையிலும் எங்கள் ஊரில் இதே வழக்கம்தான். ஏதாவது ஒன்றை வைத்துவிட்டு ஆள் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். வைத்த பொருள் அவருடைய இடத்தைக் காக்கும்.

நான் இடது செருப்பைக் கழற்றிக் குடைக்குப் பின்னால் வைத்தேன். எப்போதும் ஒற்றைச் செருப்புதான் வைப்பேன். ஜோடியாக வைத்தால் எவனாவது மாட்டிக்கொண்டு போய்விடுவான். ஒற்றையை எடுத்து எவன் என்ன செய்வான்? இந்த விஷயத்தில் நான் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன்.

எதிர்க்கடையில் டீ குடித்தேன். டீக்கடைக் கடிகாரத்தில் மணி ஆறே முக்கால். சாலையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது அங்கே மணி பத்து இருபது. சமீபத்தில்தான் அந்தச் சாலையை அகலப்படுத்தியிருக்கிறார்கள்.

நடைவழியில் வரிசையைக் காணவில்லை. வாசலில் ஒரு நர்ஸ் ரப்பர் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். சட்டையில் எமில்டா என்று பெயர் இருந்தது.

"சிஸ்டர், இங்க ஒரு செருப்பு இருந்துச்சே."

"போட்டாச்சு சார். உள்ள உக்காந்திருக்கு. அரை மணி நேரம் பாத்துட்டு அனுப்பிருவோம்."

"என்ன போட்டாச்சு?"

"ஊசி."

"யாருக்கு?"

"வரிசையில யார் இருந்தாங்களோ அவங்களுக்கு."

அவர் நோட்டைப் பிரித்தார்.

"நீங்க செருப்புக்கு என்ன வேணும்?"

"அது என் செருப்பும்மா."

"உறவுமுறை கேக்குறேன்."

"உரிமையாளர்."

நோட்டில் அப்படி ஒரு கட்டம் இல்லை. அப்பா, அம்மா, கணவன், மனைவி, துணைக்கு வந்தவர் என்றுதான் இருந்தது. துணைக்கு வந்தவர் என்பதில் டிக் அடித்தார். செருப்புக்குத் துணையாக நான் வந்திருக்கிறேன். இருபத்திரண்டு வருட அரசுப் பணி எனக்கு.

"எனக்கு ஒரு ஊசி போடுங்க" என்றேன்.

"நீங்க வரிசையில இல்லையே சார்."

"என் செருப்பு இருந்துச்சில்ல?"

"அதுக்குத்தான் போட்டாச்சே."

இதில் ஒரு தர்க்கம் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. தப்பான கணக்கு தப்பாகவே இருந்தால் சண்டை போடலாம். இது கூட்டிப் பார்த்தால் சரியாக வருகிறது.

உள்ளே போனேன். பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. செங்கலுக்கு ஒன்று, பைக்கு ஒன்று, ஹெல்மெட்டுக்கு ஒன்று. என் செருப்பு ஆறாவது நாற்காலியில் இருந்தது. வாரில் ஒரு துண்டு பஞ்சு ஒட்டியிருந்தார்கள். மஞ்சள் பைக்கு லேசாகக் காய்ச்சல் என்று ஈரத்துணி போட்டிருந்தார்கள். தண்ணீர் பாட்டில் மட்டும் வாந்தி எடுத்திருந்தது. தரையைத் துடைத்துவிட்டார்கள்.

செங்கலுக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். பெயர் வளர்மதி என்று சொன்னார். மகன் மஸ்கட்டில் இருக்கிறானாம்.

"எங்க செங்கல் அழவே இல்ல தம்பி" என்றார். "உங்களுது?"

"நான் வெளியில இருந்தேன்."

"பக்கத்துல இருந்திருக்கணும். பயந்திருக்கும்ல."

"ஏம்மா, மஸ்கட்டுக்கு யார் போறது? நீங்களா, செங்கலா?"

"செங்கல்தான். எனக்கு முட்டி வலி. ரெண்டு படி ஏற முடியல, பிளைட்டு எங்க ஏறுறது?"

"உங்க மகன் ஒத்துக்கிட்டாரா?"

"அவன் எப்பவும் வேலைக்குப் போயிடுறான். நான் போனாலும் வீட்டுல ஒரு மூலையிலதான் உக்காந்திருப்பேன். இதுவும் அப்படித்தானே உக்காரப் போவுது."

அவருக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. ஹெல்மெட்காரரும் தன் ஹெல்மெட்டுக்கு வாட்ஸப்பில் வாழ்த்து வந்திருப்பதைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த அறையில் கோபப்பட்டவன் நான் ஒருவன்தான். இது எனக்குப் புதிதல்ல. நான் போகிற எல்லா அறையிலும் இப்படித்தான் நடக்கிறது.

அலுவலரைப் பார்க்க வேண்டும் என்றேன். பதினான்காம் நம்பர் அறைக்குப் போகச் சொன்னார்கள். நான் நின்றது பன்னிரண்டாம் நம்பர் அறையின் வாசல். நாற்பது நிமிடம் நடந்தேன். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்ததால் நடைவழி இடது பக்கமாகவே வளைந்துகொண்டு போனது. வழியில் பதின்மூன்றாம் நம்பர் அறை மூன்று முறை வந்தது. மூன்று முறையும் உள்ளே இருந்தவர், "இங்க இல்ல, பக்கத்துல" என்றார்.

பதினான்காம் நம்பர் அறையில் பெரிய மேஜையும் உயர்ந்த முதுகு வைத்த நாற்காலியும் இருந்தன. நாற்காலியின் முதுகில் வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. அதிகாரிகளின் நாற்காலியில் அப்படி இருப்பது வழக்கம்தான். அதிகாரியைக் காணோம். ஓரத்தில் ஒரு உதவியாளர் நின்றிருந்தார். பெயர்ப் பலகையில் குணபூஷணம் என்று இருந்தது.

"அதிகாரி எப்ப வருவாரு?"

குணபூஷணம் குரலைத் தாழ்த்தினார். "அய்யா இருக்காரு. மரியாதையாப் பேசுங்க."

துண்டைப் பார்த்தேன். துண்டு என்னைப் பார்த்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு நேராக இருந்தது.

நடந்ததைச் சொன்னேன். அரசியைப் பற்றிச் சொன்னேன். எட்டு வருடத்தைச் சொன்னேன். இரண்டு வாரக் கணக்கைச் சொன்னேன். செருப்பு தான்சானியா போக முடியாது, நான்தான் போக வேண்டும் என்றேன். துண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. குணபூஷணம் குனிந்து அதனருகில் காது வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"வரிசையில வெச்ச பொருள் வெச்ச ஆளுக்குச் சமம் இல்லைங்கிறீங்களா?"

"சமம் இல்லை."

"உறுதியா?"

"உறுதியா."

அவர் அலமாரியிலிருந்து கோப்பு ஒன்றை எடுத்தார். மேலே என் பெயர் இருந்தது. பிரித்து வாசித்தார்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி, ஆனி மாசம். உங்க தங்கச்சி கல்யாணம். முதல் பந்தி. நாலாவது நாற்காலியில நீங்க துண்டு போட்டுட்டுக் கை கழுவப் போறீங்க. மாப்பிள்ளையோட பெரியப்பா துண்டை எடுத்து ஜன்னல்ல வெச்சிட்டு அங்க உக்காந்துடுறாரு. நீங்க திரும்பி வந்து என்ன சொன்னீங்க?"

"ஞாபகம் இல்ல."

நன்றாக ஞாபகம் இருந்தது.

"'துண்டு இருந்தா நான் இருக்குற மாதிரி. துண்டைத் தள்ளினது என்னையே தள்ளின மாதிரி.' மண்டபமே கேட்டிருக்கு. நூத்தி முப்பது பேர் சாட்சி போட்டிருக்காங்க. அதுக்கப்புறம் நீங்க சாப்பிடாம, துண்டைக்கூட எடுக்காம வெளிய போயிட்டீங்க. தங்கச்சியை வழியனுப்பவும் வரல."

"நான் கேட்டதுல என்ன தப்பு?"

"தப்புன்னு யாரு சொன்னா? சரின்னுதான் அய்யா சொல்றாரு. அந்தச் சட்டத்தைத்தான் இங்க நாங்க கடைப்பிடிக்கிறோம்."

நான் நாற்காலிக்கு அருகில் போய்ப் பார்த்தேன். துண்டின் ஓரத்தில் பச்சைக் கரை. கரைக்கு மேலே சாம்பார்க் கறை ஒன்று, வெளுத்தும் போகாமல் இருந்தது. அது என் துண்டு. நான் ஜன்னலில் விட்டுவிட்டு வந்த துண்டு. எட்டு வருடத்தில் இவ்வளவு தூரம் முன்னுக்கு வந்திருக்கிறது. எனக்கு இன்னும் ஒரு பதவி உயர்வுகூட வரவில்லை.

அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோப்பில் அது எழுதப்படவில்லை. நான் கத்தியபோது அரசி மாலையும் கழுத்துமாகப் பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்த்தாள், பெரியப்பாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். அந்த இடம் என்னுடையது என்று அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கடைசிப் பந்தியில்கூடச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அவள் சொல்லவில்லை.

இதைத் துண்டிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு வழியில் போனேன்.

"சரி. குழந்தையை மடியில வெச்சுக் காது குத்தணும். செருப்புக்கு மடி ஏது?"

குணபூஷணம் துண்டிடம் கேட்டார். "உங்களுக்கு இருக்கான்னு அய்யா கேக்குறாரு."

"இருக்கு."

"காட்டுங்க."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"நிக்கிறவருக்கு மடி கிடையாது சார். உக்காந்து காட்டுங்க."

அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் டிபன் கேரியர், ஒன்றில் சாவிக்கொத்து, ஒன்றில் மடித்த செய்தித்தாள். செய்தித்தாளை எடுக்கப் போனேன்.

"அதுல ஆள் இருக்கு."

"தரையில உக்கார்றேன்."

"இப்பக் கூட்டப் போறாங்க."

குந்தி உட்கார முயன்றேன். அது கணக்கில் வராது என்றார். கோப்பில் 'மனுதாரருக்கு மடி இல்லை' என்று எழுதினார். கீழே துண்டின் ஒரு முனையை மை அட்டையில் ஒற்றி முத்திரை வைத்தார். முத்திரை நேராக விழுந்திருந்தது. நான் வைத்தால்கூட அவ்வளவு நேராக விழாது.

திரும்பி வர ஐந்து நிமிடம்தான் ஆனது. அநியாயம் செய்துவிட்டு அனுப்பும்போது எல்லா நடைவழியும் சுருக்கமாகத்தான் இருக்கிறது. வளர்மதியம்மா இன்னும் அங்கேதான் இருந்தார். செங்கலுக்குச் சான்றிதழ் வரவில்லையாம். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் யோசித்தார்.

"ஒரே ஒரு ஊசி மீதி இருக்குன்னு அந்த நர்ஸ் பொண்ணு சொல்லிச்சு. மூணு மணிக்குப் போடுமாம். வரிசையில இருக்கறதுக்குத்தானே போடுறாங்க?"

"ஆமா."

"அப்ப நான் உங்களை வரிசையில வெச்சிட்டுப் போறேன். என் இடத்துக்கு நீங்க. செங்கல் மாதிரி."

இருபத்திரண்டு வருட வேலையில் இவ்வளவு புத்திசாலியான ஒருவரை நான் பார்த்ததில்லை. அவர் என் கையைப் பிடித்து நடைவழிச் சுவரோரம் கொண்டுபோய் உட்கார வைத்தார். சட்டைக் காலரைச் சரி செய்தார்.

"பேசாம இருக்கணும் தம்பி. யார் என்ன சொன்னாலும் வாயைத் திறக்கக் கூடாது. வாயைத் திறந்தா ஆளாயிடுவீங்க."

"சரிம்மா."

"இப்பவே பேசுறீங்க."

அவர் போய்விட்டார். மணி இரண்டு. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வரிசையில் நான் மட்டும்தான். ஈ ஒன்று மூக்கில் உட்கார்ந்தது. விட்டுவிட்டேன். கூட்டுகிற அம்மா வந்து என்னைச் சுற்றிக் கூட்டினார். பிறகு காலைத் தூக்கி அதன் அடியிலும் கூட்டினார். ஒரு குழந்தை என் மேல் ஏறி இறங்கியது. அதன் அம்மா, "யாரோ வெச்சிட்டுப் போயிருக்காங்க, தொடாதே" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நான் நல்ல பொருளாகத்தான் இருந்தேன். ஆதிரைக்கு என்ன நிறப் பாவாடை வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். என்னைப் பார்த்தார். நடைவழியின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு காலால் என் முழங்காலைத் தள்ளினார். நான் ஒரு சாண் நகர்ந்தேன். மறுபடி தள்ளினார். என் முன்னால் ஓர் இடம் உண்டாயிற்று. பையிலிருந்து நீலக் கட்டம் போட்ட கர்ச்சீப்பை எடுத்து அங்கே விரித்தார். நான்கு முனையையும் இழுத்து நேராக்கினார்.

நான் பல்லைக் கடித்தேன். அரசியை நினைத்தேன். குழந்தையை நினைத்தேன். கர்ச்சீப்பைப் பார்க்கக் கூடாது என்று கூரையைப் பார்த்தேன். கூரை தாழ்ந்து வந்து கர்ச்சீப்பைக் காட்டியது.

எமில்டா சிஸ்டர் ஊசியோடு கதவைத் திறந்தார். அப்போது அந்த மனிதர் போனில் சொன்னார், "எடம் பிடிச்சாச்சுடா. இங்க எதுவோ கெடந்துச்சு, தள்ளி விட்டுட்டேன்."

"எதுவோவா?" என்றேன். எழுந்து நின்றேன். "யாரைப் பாத்துடா எதுவோங்குற? இது என் இடம். ரெண்டு மணியிலேர்ந்து உக்காந்திருக்கேன். ஒருத்தன் இருக்குற இடத்துல துணியை விரிக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?"

இன்னும் சொன்னேன். கல்யாண மண்டபத்தில் சொன்னதைவிட நன்றாகவே சொன்னேன். எட்டு வருடத்தில் மெருகேறியிருந்தது. நான் பேசி முடித்தபோது எமில்டா சிஸ்டர் கர்ச்சீப்பின் ஒரு மூலையில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார்.

"சிஸ்டர், அது எனக்கு."

"உங்களுக்குத்தான் சார் போட வந்தேன்" என்றார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "அந்தாளு தள்ளினதைக் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கர்ச்சீப்பை எடுத்து ஓரமா வெச்சிட்டு உங்களுக்குப் போடலாம்னு வந்தேன். அதுக்குள்ள நீங்க எழுந்துட்டீங்க. இப்ப வரிசையில கர்ச்சீப் மட்டும்தான் இருக்கு. நான் என்ன செய்ய?"

அவர் மேல் கோபப்பட முடியவில்லை. அது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

பதினைந்தாவது நாள் செருப்பை விமான நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். பேருந்தில் உட்கார இடமில்லை. எல்லா இருக்கையிலும் ஜன்னல் வழியாகப் போட்ட துண்டும் பையும் உட்கார்ந்திருந்தன. செருப்புக்கு மட்டும் ஒரு துண்டு நகர்ந்து இடம் கொடுத்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அங்கே கவுண்டரில் பாஸ்போர்ட்டைப் பார்த்தவர் என் படத்தையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கொஞ்சம் இளைச்சிட்டீங்க" என்று செருப்பிடம் சொன்னார்.

"அது நான். படத்துல இருக்குறது நான்" என்றேன்.

"நீங்க யாரு சார்?"

"துணைக்கு வந்தவர்."

என் வாயாலேயே சொல்லிவிட்டேன்.

"ஊசி போட்ட சான்றிதழ் இருக்கா?"

"இல்ல."

"அப்ப நீங்க இங்கயே நின்னுக்குங்க. ஆனா இவரைத் தனியா அனுப்ப முடியாது. ஜோடி இல்லையா?"

வலது செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன். அதற்கும் ஊசி போடவில்லையே என்று கேட்டேன். ஜோடிக்கு ஒன்று போதும் என்றார். இரண்டு வருடமாக அந்த ஜோடிக்குள் இருந்தவன் நான். இதை அவரிடம் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

ஆதிரைக்கு வாங்கிய அரக்குப் பாவாடையையும் ஒரு ஜோடித் தோட்டையும் பையில் வைத்துச் செருப்பின் வாரில் மாட்டினேன். காதைத் தொட்டதும் குழந்தை பயப்படும், முதுகைத் தட்டிக்கொடு என்று சொன்னேன். செருப்பிடம் இப்படிப் பேசுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. அக்கம்பக்கத்தில் பலரும் தங்கள் குடைகளிடமும் பைகளிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தேன். தார் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அங்கே காதுகுத்து. அங்கே பதினொன்று ஐந்து ஆகும்போது நான் இங்கிருந்து போன் செய்தேன். அரசிதான் எடுத்தாள். பின்னால் பெண்கள் பேச்சும் பாத்திரச் சத்தமும் கேட்டன.

"யாரு?"

"நான்தாம்மா. அண்ணன்."

"அண்ணன் இங்க இருக்காரே."

"அரசி, அது என் செருப்பு."

"சத்தம் போடாதீங்க. ஆசாரி காதுல கை வெச்சிருக்காரு."

நான் வாயை மூடினேன். ஒரு சின்ன அழுகை கேட்டது. முதல் காது. என் மருமகளின் குரலை நான் கேட்பது அதுதான் முதல் தடவை. அழுகை ஓங்கியது, தேம்பலாக ஆனது, நின்றது. யாரோ முதுகைத் தட்டிக்கொடுத்திருக்க வேண்டும். யார் என்று நான் கேட்கவில்லை.

"எப்படி இருக்காரு உங்க அண்ணன்?" என்றேன்.

"ரொம்ப மாறிட்டாரு" என்றாள். "வந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை யாரையும் சொல்லல. எங்க வீட்டுக்காரரோட பெரியப்பா வந்திருக்காரு, அவரோட ஏதாவது ஆயிடுமோன்னு ரெண்டு ராத்திரி நான் தூங்கல. ஒண்ணும் ஆகல. பக்கத்துப் பக்கத்துலதான் இருக்காங்க. பாப்பா அவரை விட்டு எறங்கவே மாட்டேங்குது."

"நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்."

"இருந்திருப்பீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் ஆசாரி இரண்டாவது காதுக்குக் குழந்தையைத் திருப்பி உட்கார வைக்கச் சொன்னார். அரசி போனை எங்கோ வைத்தாள். துண்டிக்கவில்லை. எனக்கு எல்லாம் கேட்டது. இரண்டாவது அழுகை சின்னதாகத்தான் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். இலை போடச் சொல்லி ஒரு குரல் கேட்டது. நாற்காலிகள் இழுபட்டன. நான் இங்கே தரையில் உட்கார்ந்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தேன். மூச்சு விடும் சத்தம் அங்கே கேட்டுவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டேன்.

ஒரு கிழவரின் செருமல் கேட்டது. எட்டு வருடம் ஆனாலும் அந்தச் செருமலை எனக்குத் தெரியும். ஒரு நாற்காலி தரையில் உரசியது. எதையோ எடுத்து ஓரமாக வைக்கிற சத்தம்.

"மாமா, அங்க உக்காராதீங்க" என்றாள் அரசி. அவள் குரல் இவ்வளவு பெரிதாக நான் கேட்டதே இல்லை. "அது எங்க அண்ணன் இடம். எடுத்ததை எடுத்த இடத்துல வைங்க."

நாற்காலி மறுபடி உரசியது. கிழவர் எழுந்துவிட்டார் போலிருக்கிறது.

"நீ உக்காருண்ணே" என்றாள். "உனக்குத்தான் முதல் இலை."

என்னிடம் சொல்லவில்லை. செருப்பிடம் சொன்னாள்.